த்ரீ ஹவுசஸ் விளையாட்டில் சப்போர்ட் வளர்ப்பது: வரிசைப்படி ஒரு முழு வழிகாட்டி

போன மே மாத விடுமுறையில் லாஸ்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டில் மூன்று பேர் ஒரே வாரத்தில் ‘ஃபயர் எம்ப்ளம்: த்ரீ ஹவுசஸ்’ என்ற நிண்டெண்டோ ஸ்விட்ச் வியூக விளையாட்டைத் தொடங்கினார்கள். சித்தி மகன், பக்கத்து வீட்டுப் பையன், கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வந்திருந்த என் அத்தை மகள். ஸ்விட்ச் ஒன்றுதான், ஆனால் ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு சேவ். கதையில் வரும் பள்ளியின் மாணவர்கள் மூன்று வீடுகளாக (பிரிவுகளாக) இருப்பார்கள், மூவரும் வெவ்வேறு வீடுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனாலும் ஒரே இடத்தில் சிக்கினார்கள். பாத்திரங்களுக்கிடையே வளரும் நெருக்கத்தைத்தான் இதில் சப்போர்ட் என்பார்கள். பன்னிரண்டாம் அத்தியாயம் வந்தபோது இருபது பேரிடம் சி நிலை இருந்தது, ஏ நிலைக்குப் போகும் வழியில் ஒருவர்கூட இல்லை.

நான் நான்கு கதைப் பாதைகளையும் முடித்தவன். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று தெரிந்தது: யாரும் சோம்பேறித்தனமாக ஆடவில்லை, செய்த வேலைகளின் வரிசைதான் தவறு. அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். கதைத் திருப்பங்களைச் சொல்லவில்லை.

1. தொடங்கும் முன்

முதலில் மொழி. எங்கள் ஸ்விட்ச் பாரீஸிலிருந்து மாமா கொண்டுவந்தது. புதுச்சேரியில் பல வீடுகளில் இப்படித்தான் வந்திருக்கும். விளையாட்டின் எழுத்து, கருவியில் எந்த மொழி வைத்திருக்கிறோமோ அதிலேயே வரும். பிரெஞ்சில் இருந்தால் பிரெஞ்சு. பள்ளியில் பிரெஞ்சு படித்தவர்களுக்குக் கவலையில்லை. மற்றவர்கள் கருவியின் அமைப்பில் போய் ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். தமிழ் இதில் கிடையாது. தேநீர் விருந்திலும் வகுப்பிலும் பதில் தேர்ந்தெடுக்கும் இடங்கள் வரும், அங்கே அரைகுறையாகப் படித்தால் சப்போர்ட் போய்விடும்.

அடுத்து கடினநிலை. முதல் ஆட்டத்துக்கு நார்மல், அதோடு கேஷுவல் வைத்துக்கொள்ளுங்கள். கிளாசிக்கில் போரில் விழுந்தவர் திரும்பி வரமாட்டார், அவரோடு சேர்த்த சப்போர்ட் மொத்தமும் போய்விடும். நார்மலில் இன்னொரு வசதி உண்டு, அதை எட்டாம் பகுதியில் சொல்கிறேன்.

ஒரு நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். யாருக்கு எந்தத் தேநீர், யார் எந்தப் பரிசை வாங்கி முகம் சுளித்தார் என்று குறித்துக்கொள்ள அது உதவும்.

2. இரண்டு கணக்கு என்று புரிந்துகொள்ளுங்கள்

புதியவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். சப்போர்ட் ஒன்றல்ல, இரண்டு. நாம் ஆடும் பாத்திரமான ஆசிரியர் பைலெத்துக்கும் மற்றவர்களுக்கும் இடையே வளர்வது ஒன்று. மாணவர்கள் தங்களுக்குள் வளர்த்துக்கொள்வது இன்னொன்று.

முதலாவது பெரும்பாலும் பள்ளி இருக்கும் மடாலயத்தில் வளரும்: பரிசு, தேநீர், சாப்பாடு, தொலைந்த பொருள். இரண்டாவது பெரும்பாலும் போர்க்களத்தில் வளரும். சாப்பாடு போன்ற சில வேலைகள் இரண்டுக்குமே உதவும், அதனால் அவற்றின் மதிப்பு அதிகம்.

சித்தி மகன் ஃபெலிக்ஸுக்கும் ஆனெட்டுக்கும் இடையே சப்போர்ட் வர வேண்டும் என்று இருவருக்கும் மாறி மாறிப் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தான். பரிசு கொடுத்தது பைலெத், கூடியதும் பைலெத்தின் கணக்குதான். அந்த இருவருக்குள் ஒரு புள்ளிகூட ஏறவில்லை. இரண்டு வாரம் இப்படியே போனது.

3. யார் யாரோடு என்று முதலில் எழுதி வையுங்கள்

எல்லோருக்கும் எல்லோரோடும் சப்போர்ட் கிடையாது. மெனுவில் சப்போர்ட் பட்டியலைத் திறந்தால் ஒவ்வொருவருக்கும் யார் யாரோடு உண்டு என்று தெரியும். பட்டியலில் இல்லாத இருவரை ஆட்டம் முழுக்க பக்கத்தில் நிறுத்தினாலும் உரையாடல் வராது.

சி, பி, ஏ என்று நிலைகள் ஏறும். சிலருக்கு நடுவில் சி பிளஸ், பி பிளஸ் என்றும் வரும். எஸ் நிலை பைலெத்துக்கு மட்டும், அதுவும் ஒரே ஒருவரோடு.

என் முறை இது: பைலெத்துக்கு ஐந்து பேர், மாணவர்களுக்குள் நான்கு ஜோடி. அதற்கு மேல் எழுத மாட்டேன். மீதிப் பேருக்குத் தானாகச் சேர்வது சேரட்டும். ஜோடியைத் தேர்ந்தெடுக்கும்போது போரில் ஒரே வேகத்தில் நகரும் இருவராகப் பாருங்கள். குதிரை வீரரையும் கனமான கவச வீரரையும் ஜோடியாக்கினால் மூன்றாவது சுற்றிலேயே ஒருவர் வரைபடத்தின் அந்தக் கோடியிலும் மற்றவர் இந்தக் கோடியிலும் நிற்பார்கள்.

4. முதல் சில மாதங்கள் ப்ரொஃபசர் லெவலுக்கு

மடாலயத்தில் சுற்றும் நாளில் சாப்பாடு, பாட்டு, தேநீர் எல்லாவற்றுக்கும் ஆக்டிவிட்டி பாயிண்ட் செலவாகும். அந்தப் பாயிண்டின் எண்ணிக்கை ப்ரொஃபசர் லெவலை, அதாவது ஆசிரியராக பைலெத் எட்டிய நிலையைப் பொறுத்தது. தொடக்கத்தில் மிகக் குறைவு, லெவல் ஏற ஏற கூடும். ஆகவே முதல் மூன்று நான்கு மாதங்களில் லெவலுக்குக் கொடுக்கும் கவனம், பிறகு வரும் எல்லா மாதங்களிலும் கூடுதல் தேநீராகவும் சாப்பாடாகவும் திரும்பி வரும்.

பாயிண்ட் செலவில்லாமல் லெவல் ஏற்றும் வேலைகள் இரண்டு: மீன் பிடிப்பது, பசுமைக்குடிலில் விதை போடுவது. விதையை ஒவ்வொரு சுற்றிலும் போடுங்கள், ஒருமுறைகூட விடாதீர்கள். மீனுக்கு இரை வேண்டும். மாதக் காலண்டரில் மீன் நிறையக் கிடைக்கும் நாள்கள் குறிக்கப்பட்டிருக்கும். இரையைச் சேர்த்து வைத்து அன்றைக்கு மொத்தமாகப் போடுங்கள்.

பக்கத்து வீட்டுப் பையன் தேங்காய்த்திட்டில் தாத்தாவோடு நிஜமாகவே தூண்டில் போட்டுப் பழகியவன். முதல் நாளிலேயே எல்லா இரையையும் தீர்த்துவிட்டான். நல்ல நாள் வந்தபோது கையில் ஒன்றும் இல்லை.

5. ஞாயிற்றுக்கிழமைச் சுற்று: எந்த வரிசையில்

ஓய்வு நாள் வந்ததும் மடாலயத்தைச் சுற்றுவதைத் தேர்ந்தெடுத்தால் கீழே உள்ள வரிசையில் போங்கள். தொடக்கத்தில் எல்லா வேலைகளும் திறந்திருக்காது. அத்தியாயங்கள் நகர நகர, சின்னச் சின்னக் குவெஸ்ட் முடித்தபின் ஒவ்வொன்றாகத் திறக்கும். அந்தக் குவெஸ்டுகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் பாயிண்ட் செலவில்லாதவை. மடாலயத்தில் ஆங்காங்கே தரையில் மின்னுவதை எல்லாம் எடுங்கள். அவற்றில் மாணவர்கள் தொலைத்த பொருள்கள் இருக்கும். உரியவரிடம் கொடுத்தால் சப்போர்ட் கூடும். தவறான ஆளிடம் நீட்டினால் “இது என்னுடையது இல்லை” என்பார், அவ்வளவுதான், நஷ்டம் எதுவும் இல்லை. எனவே பொருளின் விவரத்தைப் படித்து ஊகித்துக் கொடுங்கள், சரியாக அமையாவிட்டால் அடுத்தவரிடம் போங்கள். ஆலோசனைப் பெட்டியில் சீட்டு இருந்தால் அதற்கும் பதில் சொல்லுங்கள். யார் எழுதியது என்று பெயர் இருக்காது, பேச்சை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்து பரிசு. எல்லோருக்கும் எல்லாம் பிடிக்காது. லிசித்தியாவுக்கு இனிப்புப் பலகாரம் என்றால் உயிர், ஃபெலிக்ஸுக்கு இனிப்பே ஆகாது. லின்ஹார்டுக்குத் தூண்டில் மிதவை, ரஃபேலுக்கு உலர்த்திப் புகையூட்டிய இறைச்சி. பிடிக்காத பரிசை வீசுவதைவிடப் பையில் வைத்திருப்பது நல்லது, இன்னொருவருக்கு அது பொருந்தும். பசுமைக்குடிலில் விளையும் பூக்களும் பரிசுதான், அதனால்தான் விதையை விடவே கூடாது என்றேன்.

அதற்குப் பிறகு சாப்பாடு. ஒரு பாயிண்டில் இரண்டு பேரை அழைக்கலாம். மூன்று பேருமே ஒருவரோடொருவர் நெருங்குவார்கள், அழைத்தவர்களின் மோட்டிவேஷனும் (பாடம் கற்கும் ஊக்கம்) ஏறும். என் கணக்கில் மடாலயத்தில் செலவிடும் பாயிண்டுகளில் இதற்கு இணை வேறில்லை. உங்கள் நோட்டில் இருக்கும் ஜோடியையே அழையுங்கள், இருவருக்கும் பிடித்த உணவாகப் பார்த்து எடுங்கள். நம் வீட்டில் ஒருவருக்கு வஞ்சிரம் வறுவல், ஒருவருக்குப் புளிக்குழம்பு என்று இருப்பதுபோல அவர்களுக்கும் உண்டு.

பாட்டுப் பயிற்சியும் இதே மாதிரிதான்: இரண்டு பேர், ஒரு பாயிண்ட். கூடவே குணப்படுத்தும் மந்திரத்துக்கான ஃபெயித் திறனும் ஏறும். மருத்துவம் பார்க்கும் மாணவரை இதில் சேருங்கள்.

சாப்பாட்டை ஏன் ஞாயிற்றுக்கிழமையே முடிக்க வேண்டும் என்றால், மறுநாள் திங்கட்கிழமை வகுப்பு. வகுப்பில் பாடம் நடத்த மோட்டிவேஷன் வேண்டும். அது காலியாக இருக்கும் மாணவரை வகுப்பில் தேர்ந்தெடுத்துப் பயனில்லை. மாதம் முழுக்க ஓய்வு நாளில் வெறுமனே போருக்கே போய்க்கொண்டிருந்தால் வகுப்பு வறண்டுவிடும். ஒரு வாரம் மடாலயம், அடுத்த வாரம் போர் என்று மாற்றிக்கொள்வது எனக்குச் சரியாக வந்தது.

6. தேநீர் விருந்து

ஒரு பாயிண்ட், ஒரே ஒரு விருந்தாளி. மாணவர்களுக்குள் இது எதையும் வளர்க்காது, பைலெத்துக்கு மட்டும்தான். ஆகவே நோட்டில் எழுதிய அந்த ஐந்து பேரைத் தவிர வேறு யாருக்கும் தேநீரைச் செலவிடாதீர்கள்.

முதலில் தேயிலை. பிடித்த தேநீராக இருந்தால் தொடக்கமே நன்றாக இருக்கும். மூன்று வீட்டுத் தலைவர்களைச் சொன்னால், எடெல்கார்டுக்கு பெர்கமாட், டிமிட்ரிக்கு கெமொமைல், க்ளாடுக்கு அல்மைரா பைன் ஊசித் தேநீர். தேயிலை சந்தையில் கிடைக்கும். அழைத்தபின் தேயிலை இல்லை என்று தெரிந்தால் பயனில்லை, முன்பே வாங்கி வையுங்கள்.

பிறகு பேச்சு. மூன்று முறை தலைப்பு தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த ஆளின் குணத்தை யோசியுங்கள். ஒதுங்கியே இருக்கும் பெர்னடெட்டாவிடம் போர் வீரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அவள் முகமே வாடிவிடும். மூன்றும் பிடித்துப்போனால் கடைசியாக அவர் ஏதாவது சொல்வார், அதற்குப் பொருத்தமான முகபாவத்தையோ பதிலையோ தேர்ந்தெடுக்க வேண்டும்.

அத்தை மகள் இங்கே நல்ல யோசனை ஒன்று செய்தாள். விருந்துக்கு முன் சேவ் செய்தாள். எந்தத் தலைப்பு எடுபட்டது, எது எடுபடவில்லை என்று ஆள்வாரியாக நோட்டில் எழுதினாள். இரண்டு மாதம் கழித்து அந்த நோட்டை மற்ற இருவரும் கடன் வாங்கினார்கள்.

7. திங்கட்கிழமை: வகுப்பும் கூட்டு வேலையும்

வகுப்பில் அவ்வப்போது ஒரு மாணவர் சந்தேகம் கேட்பார். பாடம் சரியாக வராதபோது அவரை ஆறுதல் சொல்லித் தேற்றுவதா, கண்டிப்பதா என்றும் கேட்கும். நல்ல பதிலுக்குச் சப்போர்ட் கூடும். இதைப் பொத்தானை அழுத்தித் தாண்டிவிடாதீர்கள்.

கூட்டு வேலைக்கு வாரம் ஒரு ஜோடியை அனுப்பலாம். குதிரை லாயம், களை எடுப்பது, வானக் காவல். இதில் அந்த இருவருக்குள் சப்போர்ட் கூடும், திறனும் ஏறும்: லாயத்தில் குதிரையேற்றம், களை எடுப்பதில் கனக் கவசம், வானக் காவலில் பறத்தல். பாயிண்ட் எதுவும் வேண்டாம். நோட்டில் உள்ள ஜோடியை மட்டுமே அனுப்புங்கள். இது மிகச் சின்ன விஷயமாகத் தெரியும். வாரா வாரம் என்று கூட்டிப்பார்த்தால் ஏ நிலைக்குப் பாதி வழி இதிலேயே வந்துவிடுகிறது.

8. போர்க்களம்

மாணவர்களுக்குள் சப்போர்ட் உண்மையில் வளர்வது இங்கேதான். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30-ஆம் தேதி இங்கே கரையைக் கடந்தபோது வீட்டிலேயே அடைந்துகிடந்தோம். பேட்டரி இருந்தவரை ஒரே ஜோடியை எப்படியெல்லாம் நிறுத்தினால் வேகமாக ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இங்கே சொல்வது பெரும்பாலும் அப்போது தெரிந்துகொண்டது.

அடிப்படை விதி எளிது. ஒருவர் தாக்கும்போது மற்றவர் பக்கத்துக் கட்டத்தில் நின்றால் இருவருக்கும் ஏறும். தாக்கப்படும் எதிரி மற்றவரின் எட்டும் தூரத்தில் இருந்தாலும் துணைத் தாக்குதலாகச் சேரும். தாக்கும் முன் வரும் கணிப்புத் திரையில் துணை நிற்பவரின் முகம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் ஒரு கட்டம் தள்ளி நின்று பாருங்கள். சப்போர்ட் உயர உயர இந்தத் துணையால் குறி தவறாமல் அடிக்கும் வாய்ப்பும் கூடும், ஆக இது கதைக்காக மட்டும் செய்யும் வேலை அல்ல.

அதற்காக நகர்த்தும் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். புதியவர்கள் ஒருவரை நகர்த்தி உடனே அடித்துவிடுகிறார்கள், பிறகு இரண்டாமவரை நகர்த்துகிறார்கள். முதல் அடிக்குத் துணை இல்லாமல் போகிறது. அதற்குப் பதிலாக, அந்தச் சுற்றில் அடிக்கத் தேவையில்லாதவரை முதலில் நகர்த்தி நிறுத்துங்கள், அடுத்து அவருடைய ஜோடியைக் கொண்டுபோய் அடியுங்கள். எந்தச் செலவும் இல்லாமல் போருக்குப் போர் இதனால் கிடைப்பது அதிகம்.

குணப்படுத்துவது இன்னொரு நல்ல வழி. குணப்படுத்துபவருக்கும் குணமானவருக்கும் ஏறும். மந்திரத்தின் எண்ணிக்கை ஒவ்வொரு போருக்கும் புதிதாக நிரம்பும், மிச்சம் பிடித்து வைப்பதில் பயனில்லை. ஒரு சிறு கீறல் இருந்தால்கூடக் குணப்படுத்துங்கள். மெர்சிடிஸ் போன்றவருக்கு நிறையப் பேரோடு சி நிலை சீக்கிரம் வந்துவிடுவது இதனால்தான்.

அப்புறம் துணையாள் வசதி. போருக்கு அனுப்பக்கூடிய ஆட்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. வெளியே நிற்பவரை, உள்ளே போகும் ஒருவருக்குத் துணையாளாக இணைக்கலாம். அவர் தனியாக ஒரு கட்டத்தைப் பிடிக்கமாட்டார், ஆனால் அனுபவத்தில் பங்கும் கிடைக்கும், இருவருக்குள் சப்போர்ட்டும் வளரும். போரில் பலவீனமான மாணவரை இப்படித்தான் வளர்க்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் துணையாள் இடங்களைக் காலியாகவே விட்டு மூன்று அத்தியாயங்கள் ஆடியிருந்தான். யாரும் அதைச் சொல்லித் தரவில்லை, பாவம்.

நார்மல் கடினநிலையின் வசதி இதுதான்: ஓய்வு நாளில் போருக்குப் போனால் துணைப் போர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் ஆடலாம். ஒரு ஜோடி பி நிலைக்கு அருகில் நிற்கிறது, ஆனால் மாதம் முடியப் போகிறது என்றால் ஒரு துணைப் போரில் எட்டிவிடலாம். உயர்ந்த கடினநிலைகளில் இதற்கு வரம்பு இருப்பதால் அங்கே மேலே சொன்ன நகர்த்தும் வரிசைதான் கைகொடுக்கும்.

9. உரையாடலை உடனே பாருங்கள்

புள்ளி நிரம்பினால் நிலை தானாக உயராது. சப்போர்ட் மெனுவில் போய் அந்த உரையாடலைப் பார்த்தபிறகுதான் உயரும். பார்க்காமல் வைத்திருந்தால் அடுத்த நிலைக்கு வழி திறக்காது. ஒவ்வொரு போர் முடிந்ததும், ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மெனுவை ஒருமுறை திறந்து பாருங்கள். அத்தை மகள் பதினொரு உரையாடல்களைச் சேர்த்து வைத்து ஒரே இரவில் பார்த்தாள். பார்க்கச் சுகம்தான், ஆனால் அதற்குள் நடந்த நாலைந்து போர்களின் பலன் குறைந்துபோனது.

எவ்வளவு முயன்றாலும் சில ஜோடிகள் பி நிலையில் நின்றுவிடும். நீங்கள் செய்தது தவறில்லை. கதையில் ஐந்து ஆண்டுகள் கடந்து இரண்டாம் பாகம் தொடங்கியபின்தான் சில உரையாடல்கள் திறக்கும். அப்படி நின்றுவிட்ட ஜோடியைப் பிரித்து, இருவருக்கும் வேறு துணை கொடுங்கள். இரண்டாம் பாகம் வந்ததும் மறுபடி சேர்த்துக்கொள்ளலாம்.

10. வேறு வீட்டு மாணவரைச் சேர்க்க

வேறு வீட்டு மாணவர் உங்களோடு வர, பைலெத்துக்குக் குறிப்பிட்ட ஒரு பண்பும் ஒரு திறனும் போதிய அளவு இருக்க வேண்டும். அவரோடு சப்போர்ட் உயர உயர இந்தத் தேவை குறையும். பி நிலைக்கு வந்தால் அவரே வந்து சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கவும் கூடும். திறனை ஏற்ற மாதக்கணக்கில் உழைப்பதைவிடப் பரிசும் தேநீரும் சாப்பாடும் குறுக்கு வழி.

பைலெத்தைப் பெண்ணாகத் தேர்ந்தெடுத்தால் சில்வெய்ன் எந்தத் தேவையும் கேட்காமல் வந்துவிடுவான். எடெல்கார்ட், டிமிட்ரி, க்ளாட், ஹூபர்ட், டிடூ ஆகிய ஐவரையும் வேறு வீட்டிலிருந்து சேர்க்க முடியாது. அவர்களுக்காகப் பரிசைச் செலவிட வேண்டாம். யாரைச் சேர்ப்பது என்று தெரியாவிட்டால் உங்கள் வீட்டு மாணவரோடு சப்போர்ட் உள்ளவரைத் தேடுங்கள். எடெல்கார்டின் கருங்கழுகு வீட்டில் இருப்பவர்கள் லிசித்தியாவைச் சேர்த்தால் எடெல்கார்டோடு அவளுக்கு உரையாடல் உண்டு, தவறவிடக் கூடாதது.

11. காலக்கெடு

முதல் பாகம் பன்னிரண்டு அத்தியாயம். வேறு வீட்டு மாணவரைச் சேர்க்கும் வேலையை அதற்குள் முடித்துவிடுங்கள், பத்தாம் அத்தியாயத்துக்குள் முடித்தால் நிம்மதி. மாதக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். கடைசி நாள் மாதப் போருக்கே போய்விடும்.

எந்தப் பாதையில் போகிறீர்கள் என்பதும் முக்கியம். எடெல்கார்டின் பக்கம் நின்றால் மொத்தம் பதினெட்டு அத்தியாயம்தான். டிமிட்ரி, க்ளாட் பாதைகள் இருபத்திரண்டு வரை போகும். எடெல்கார்ட் பாதையில் நான்கு ஜோடி என்பதை மூன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் பி நிலையிலேயே முடியும்.

12. கடைசி அத்தியாயத்துக்கு முன்

எஸ் நிலைக்கு யார் என்று இறுதி அத்தியாயத்துக்கு முன் தேர்ந்தெடுக்கச் சொல்லும். அந்த உரையாடல் கடைசிப் போர் முடிந்தபிறகு வரும். அந்தத் தேர்வுக்கு முன் தனியாக ஒரு இடத்தில் சேவ் செய்து வையுங்கள். வேறொருவரைத் தேர்ந்தெடுத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க முழு ஆட்டத்தையும் திரும்ப ஆட வேண்டியிருக்காது.

ஏ நிலை எட்டிய மாணவர்களுக்கு முடிவில் ஜோடியாக ஒரு முடிவுரை வரலாம். ஒருவருக்கு மூன்று பேரோடு ஏ நிலை இருந்தாலும் முடிவுரை ஒருவரோடுதான். ஒரு குறிப்பிட்ட ஜோடியின் முடிவு வேண்டும் என்றால், அந்த இருவரையும் வேறு யாரோடும் ஏ நிலைக்குப் போகாமல் பி நிலையிலேயே நிறுத்துங்கள். அதாவது அந்த ஏ உரையாடலைப் பார்க்காமல் விட்டுவிடுங்கள். ஒன்பதாம் பகுதியில் உடனே பாருங்கள் என்று சொன்னதற்கு இது ஒன்றுதான் விதிவிலக்கு.

இரண்டாம் முறை நியூ கேம் பிளஸில், அதாவது முடித்த ஆட்டத்தின் பலனோடு தொடங்கினால், முன்பு எட்டிய சப்போர்ட் நிலைகளையும் ப்ரொஃபசர் லெவலையும் ஆட்டத்தில் சேர்த்த ரினௌன் புள்ளிகளைக் கொடுத்துத் திரும்ப வாங்கலாம். முதலில் ப்ரொஃபசர் லெவலுக்குக் கொடுங்கள், மிஞ்சியதை நோட்டில் இருக்கும் பெயர்களுக்கு. சித்தி மகன் இப்போது இரண்டாவது ஆட்டத்தில் இருக்கிறான். நேற்று இரவு போன் செய்து, “அண்ணா, ஃபெலிக்ஸுக்கும் ஆனெட்டுக்கும் ஏ வந்துடுச்சு” என்றான். இந்த முறை அவர்களுக்குப் பரிசே கொடுக்கவில்லையாம், வாரா வாரம் லாயத்துக்கு அனுப்பினானாம்.